டிரெசர் காலம் முதல் காப்புறுதிக் காலம் வரை



ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் ஓர் அரசாங்கக் கிளினிக். சென்ற மாதம் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு அங்கே நம் முறைக்காகக் காத்திருந்தோம். பக்கத்து நாற்காலிகளில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய்க்கு எழுபது வயது தாண்டியிருக்கும். பால்மரம் வெட்டிய கை என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. மகள் கட்டடம் துப்புரவு செய்யும் நாள் கூலி வேலைக்காரர். இருமல் வந்திருப்பது மகளுக்குத்தான். கையில் ஒரு வெள்ளி நோட்டை மடித்து வைத்திருந்தார்.

"ஏண்டி, தோட்டத்துல இந்த ஒரு வெள்ளியும் கிடையாதே. டிரெசர் கொடுப்பாரு, வாங்கிட்டு வருவோம்" என்றார் தாய்.

"கொடுத்தாரும்மா. தோட்டம் இருந்துச்சு, கொடுத்தாரு. தோட்டம் போச்சு, டிரெசரும் போயிட்டாரு. இப்ப இந்த ஒரு வெள்ளியா பெருசு? இன்னிக்கு வேலைக்குப் போகல பாருங்க, அந்தக் கூலிதான் போச்சு" என்றார் மகள்.

இந்த நாட்டில் தேசிய சுகாதாரக் காப்புறுதி வேண்டுமா வேண்டாமா என்று நாற்பது ஆண்டுகளாக அறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்தின் சாரம் முழுவதும் இந்தத் தாயும் மகளும் பேசிய நாலு வார்த்தைகளில் இருக்கிறது என்று நமக்குத் தோன்றியது. ஆகவே இன்றைய உரையில் அந்தக் காப்புறுதியின் நன்மை தீமைகளை, நம் தோட்டத்து வரலாற்றோடு சேர்த்தே பார்ப்போம்.

வரலாறு கிள்ளானிலிருந்து தொடங்குகிறது. 1897-ஆம் ஆண்டு இந்தியாவில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர், மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்பதற்குச் சான்று கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901-இல், மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். கப்பல் வந்தது, சரக்கு இறக்க ஆளில்லை. காய்ச்சலில் படுத்தவர்கள் எழவில்லை. வாட்சன் காட்டை வெட்டச் சொன்னார். சதுப்பு நிலத்தில் வடிகால் தோண்டச் சொன்னார். சில ஆண்டுகளிலேயே கிள்ளான் பட்டணத்திலும் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது.

ஆனால் பட்டணத்தில் பலித்த வைத்தியம் மலைத்தோட்டத்தில் பலிக்கவில்லை. கரையோரச் சதுப்பில் வளர்ந்த கொசு வேறு. மலையடிவார ஓடைகளில் வளர்ந்த கொசு வேறு. இரண்டாவது கொசு நிழலில் வாழாது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் முட்டையிடும். ஆகவே ரப்பர் நடுவதற்குக் காட்டை வெட்ட வெட்ட, ஓடைகளில் வெயில் பட்டது, கொசு பெருகியது. காடழித்த கையே காய்ச்சலையும் வாங்கிக்கொண்டது. அந்தக் கை பெரும்பாலும் நம் பாட்டன் பாட்டிகளுடையது. பிறகுதான் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே கொண்டுபோகும் வடிகாலும், தேங்கிய நீரின் மேல் எண்ணெய் அடிக்கும் வழக்கமும் வந்தன. முதுகில் தகரத் தொட்டியோடு எண்ணெய் அடித்துப் போகும் ஆளை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

இதையெல்லாம் துரைமார் இரக்கத்தால் மட்டும் செய்தார்கள் என்று நாம் எண்ணிவிடலாகாது. ஓர் ஆளைத் தமிழகத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவர எவ்வளவு, அவன் படுத்துவிட்டால் எவ்வளவு நட்டம் என்ற கணக்குப் புத்தகமும் பேசியது. கணக்கினால் வந்ததாயினும் வந்தது நன்மையே.

1912-இலும் 1923-இலும் கூட்டு மலாய் மாநிலங்களில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தன. வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவை தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று எழுதப்பட்டது. பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி எழும்பியது. சிறிய தோட்டங்கள் சில சேர்ந்து ஒரு பொது ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டன. டாக்டர் எப்போதாவது வந்து போவார். அன்றாடம் நம்மைப் பார்த்தவர் டிரெசர்தான். பெரட்டுக் களத்தில் கொயினா கொடுத்தார், ரணத்துக்குக் கட்டுப் போட்டார், பிரசவத்துக்கு நடுராத்திரியில் விளக்கோடு லயத்துக்கு வந்தார். 1965-ஆம் ஆண்டில்தான், தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

ஒரு கோணத்தில் பார்த்தால் இதுவும் ஒரு காப்புறுதியே. நாம் சந்தா கட்டவில்லை. நம் உழைப்பிலிருந்து முதலாளி எடுத்த இலாபத்தில் ஒரு துளி மருந்தாகத் திரும்பி வந்தது. தொழிலாளிக்கு மட்டுமின்றி அவன் மனைவி மக்களுக்கும் அதில் இடம் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு குறைகள் இருந்தன. இன்றைய காப்புறுதி விவாதத்தில் இவ்விரண்டும் வேறு உருவில் மீண்டும் வருவதால், இவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, டிரெசர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பது. காய்ச்சலோடு போய் நின்றவனுக்கு மருந்து கொடுப்பவரும் அவரே. "நீ வேலைக்குப் போகலாம்" என்று எழுதுபவரும் அவரே. தோட்டத்துக்கு ஆள் தேவைப்படும் நாளில் அந்தப் பேனா எந்தப் பக்கம் சாயும்? நல்ல டிரெசர்கள் நிறைய இருந்தார்கள். கிராணியோடும் துரையோடும் வாதாடி, ஆளை லோரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களை நம் குடும்பங்கள் இன்றும் வாழ்த்துகின்றன. ஆனால் நல்ல மனிதர் வாய்த்தால்தான் நல்ல வைத்தியம் என்றால், அது அதிர்ஷ்டம்; உரிமையாகாது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. வைத்தியம் வேலையோடு ஒட்டியிருந்தது. வேலை போனால் வீடு போகும். வீட்டோடு மருந்தும் போகும். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டுச் சிறு சிறு துண்டுகளாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் சொல்லும் கொடுமை அது. பல நூறு ஏக்கர்த் தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி வைக்கக் கட்டாயம் இருந்தது. பத்து இருபது ஏக்கர்க்காரனுக்கு யார் கட்டாயம் விதிப்பது? அந்த நாளில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு வாங்கி, தொழிலாளர்களே தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களானார்கள். பலர் சேர்ந்து சிறுகச் சிறுகப் போட்டு ஒரு பெரிய பொது நிதி சேர்ப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பின்னர் 1966-இல் தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் வந்தது. 1990-இல் அது திருத்தி எழுதப்பட்டு, மருத்துவ வசதி, குழந்தைப் பராமரிப்பு முதலியனவும் சேர்க்கப்பட்டன. சட்டம் வளர்ந்தது; தோட்டம் தேய்ந்தது. நம் ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே என்ன நடந்தது என்று பாருங்கள். பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. 1995-இல் தொடங்கி அந்த மண்ணில் புத்ராஜெயா எழும்பியது. அங்கே இருந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. ரப்பர் மரம் நின்ற இடத்தில் அமைச்சுகள் நிற்கின்றன, அவற்றில் சுகாதார அமைச்சும் ஒன்று. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் தாண்டவும் மனம் வரவில்லை.

தோட்டத்தை விட்டு வந்தவர்களை ஏற்றுக்கொண்டது எது? அரசாங்க ஆஸ்பத்திரிதான். சாதாரண நோய்க்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாய், உன் சந்தா பாக்கியா என்று அங்கே கேட்பதில்லை. செலவின் பெரும்பகுதி பொது வரிப் பணத்திலிருந்து போகிறது. 2005-இல் செர்டாங்கில் பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்ட பின், இருதய நோய்க்கும் நம் வட்டாரத்து மக்கள் கோலாலம்பூருக்கு ஓட வேண்டிய தேவை குறைந்தது. இன்று அதற்குச் சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனை என்று பெயர்.

அப்படியானால் இருப்பதே போதுமே, காப்புறுதி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்தப் பேச்சு எழுந்த கதை இது.

1984-இல் நான்காம் மலேசியத் திட்டத்தின் இடைக்கால மறுஆய்வு, சுகாதாரச் செலவுக்குப் புது வழி காண வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே, ஆசிய வளர்ச்சி வங்கியின் பண உதவியோடு, வெஸ்டிங்ஹவுஸ் என்ற நிறுவனம் ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தது. அதன் பின் வந்த ஒவ்வொரு மலேசியத் திட்டத்தின்போதும் ஏதேனும் ஒரு வடிவில் இந்த எண்ணம் தலைகாட்டியது. 1980-களிலிருந்து தனியார் ஆஸ்பத்திரிகள் பெருகின. 1992-இல் தேசிய இருதயக் கழகம் ஒரு கம்பெனியாக மாற்றப்பட்டது. 1990-களின் நடுவில் மருந்துக் கிடங்கும், ஆஸ்பத்திரித் துப்புரவும் சலவையும் தனியார் கைக்குப் போயின.

இதனால் நாட்டில் இரண்டு வரிசைகள் உண்டாயின. பணம் இருப்பவர் தனியாரிடம் அன்றே நிபுணரைப் பார்த்துவிடுகிறார். இல்லாதவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மக்கள் நேராகத் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது. அனுபவம் பெற்ற டாக்டர்கள் நல்ல சம்பளத்துக்குத் தனியாரிடம் போகிறார்கள். 2021 ஜூலையில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் ஒப்பந்த டாக்டர்களே வேலையிடத்தை விட்டு வெளியே வந்து நின்றதை நாம் பார்த்தோம்.

காப்புறுதியை ஆதரிப்போரின் வாதம் இங்கேதான் பிறக்கிறது. தனித்தனியே பையிலிருந்து கொடுக்கும் பணத்தை எல்லாரும் ஒரே பெட்டியில் போடுங்கள். நோய் வந்தவருக்கு அந்தப் பெட்டி கொடுக்கட்டும். வசதி உள்ளவர் அதிகமாகவும் இல்லாதவர் குறைவாகவும் போடட்டும். அந்தப் பணத்தைக் கொண்டு அரசாங்க டாக்டரிடமும் போகலாம், தனியார் டாக்டரிடமும் போகலாம் என்கிறார்கள். இது நல்ல வாதம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு எவ்வளவு என்று மன்றாட வேண்டியதில்லை. மருத்துவத்துக்கென்றே தனி நிதி இருக்கும். மொத்தமாகப் பேரம் பேசி மருந்து விலையைக் குறைக்கலாம். ஒரு குடும்பம் ஓர் அறுவைச் சிகிச்சைக்காக நகையை அடகு வைக்கும் நிலை மாறலாம்.

பிற நாடுகளில் இது எப்படி நடந்தது? ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர் நோய்க் காப்புறுதியைக் கொண்டுவந்தார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. பிரிட்டனில் 1911-இல் லாயிட் ஜோர்ஜ் கொண்டுவந்த சட்டத்தில் ஆண் தொழிலாளி வாரம் நாலு பென்னி, முதலாளி மூன்று பென்னி, அரசாங்கம் இரண்டு பென்னி என்று போட்டார்கள். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவனுக்குத்தான் டாக்டர். வீட்டில் இருந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் வைத்தியம் இல்லை. முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1948 ஜூலை 5-ஆம் தேதி, பொது வரிப் பணத்தில் எல்லாருக்கும் வைத்தியம் என்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய பின்புதான் அந்தக் குறை தீர்ந்தது. நம் தோட்டத்து டிரெசராவது மனைவி மக்களையும் பார்த்தார்.

தென் கொரியாவில் 1977-இல் ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களிலிருந்து தொடங்கினார்கள். பிறகு சிறிய நிறுவனங்கள் வந்தன. கிராமத்து உழவர்களும் பட்டணத்துச் சிறு தொழில் செய்வோரும் கடைசியாக, 1988, 1989-ஆம் ஆண்டுகளில் சேர்ந்தார்கள். தைவானில் 1995-இல் சிதறிக் கிடந்த காப்புறுதிகளை ஒன்றாக்கி, ஏழை பணக்காரர் அனைவரையும் ஒரே திட்டத்தில் சேர்த்தார்கள். வறியவருக்கு அரசாங்கமே சந்தா கட்டியது. காப்புறுதியைப் புகழ்வோர் தைவானைக் காட்டுவது நியாயமே. நம் பக்கத்துத் தாய்லாந்தோ வேறு வழி எடுத்தது. 2001-இல் தொடங்கிய திட்டத்தில், சம்பளச் சீட்டு இல்லாத பெருந்திரளான மக்களிடம் சந்தா வசூலிக்க முடியாது என்று கண்டு, வரிப் பணத்திலிருந்தே கொடுத்து, ஒரு முறை வைத்தியத்துக்கு முப்பது பாட் மட்டும் கேட்டார்கள். சிங்கப்பூர் 1984-இல் கொண்டுவந்தது ஒவ்வொருவரும் தமக்கென்று சேர்க்கும் மருத்துவச் சேமிப்பு. அதை மட்டும் பார்த்தால் பொதுப் பெட்டி ஆகாது. 1990-இல்தான் அதனோடு ஒரு காப்புறுதியும் சேர்ந்தது.

ஆக, காப்புறுதி என்பது ஒரே பொருள் அன்று. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது நாட்டுக்கு நாடு வேறு.

நம் நாட்டில் இந்த விவாதம் உரக்க நடந்தது 2012-இல். 'ஒன் கேர்' என்ற பெயரில் 2009-இலேயே வரைந்த திட்டம் அப்போது வெளியே பேசப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு டாக்டரிடம் பதிந்துகொள்ள வேண்டும், அவர் அனுப்பினால்தான் நிபுணரிடம் போகலாம், அனைவரும் சந்தா கட்ட வேண்டும் என்பது அதன் சாயல். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வரை பிடிப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. விழுக்காடு இன்னும் முடிவாகவில்லை என்றது அமைச்சு. அப்போது சுகாதார அமைச்சர் லியோவ் தியோங் லாய். டாக்டர்களில் பலர் எதிர்த்தார்கள். பொதுமக்கள் இயக்கங்கள் எதிர்த்தன. அவற்றுக்கு முன்பே மருத்துவத் தனியார்மயத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் சுங்கை சிப்புட்டின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் ஒருவர். திட்டம் ஓசையின்றிக் கிடப்பில் போடப்பட்டது.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நாம் ஏற்கக்கூடியது எது? சந்தா என்பது இன்னொரு பெயரில் வரி. ஆனால் வருமான வரி குறைந்த சம்பளக்காரரைத் தொடுவதில்லை, சந்தா தொடும். பொதுப் பெட்டியை நிர்வகிக்க ஒரு பெரிய அலுவலகம் வேண்டும். பில் எழுத, பில் சரிபார்க்க, தகராறு தீர்க்க ஆள் வேண்டும். பில் போடுகிறவர் தனியாராயிருந்தால், தேவையில்லாத பரிசோதனையும் பில்லில் ஏறும். டிரெசரின் பேனாவைப் பற்றிச் சொன்னோமல்லவா, அந்தப் பேனா இங்கே காப்புறுதிக்காரரின் கைக்கு மாறுகிறது. "இந்த நோய் முன்பே இருந்தது, இதற்குப் பணம் இல்லை" என்று எழுதுகிற பேனா அது. 2024 இறுதியில் தனியார் மருத்துவக் காப்புறுதி வைத்திருந்தவர்களுக்கு வந்த கடிதங்கள் நினைவிருக்கும். சிலருக்குச் சந்தா 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அந்த ஏற்றத்தை மூன்று ஆண்டுகளாகப் பிரித்து வாங்க வேண்டும் என்று பேங்க் நெகாரா தலையிட வேண்டியதாயிற்று. வயதாகி நோய் வரும் காலத்தில்தான் சந்தாவும் ஏறுகிறது. அப்போதுதான் வருமானமும் நிற்கிறது.

எதிர்த்தவர்கள் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. பழையபடியே ஒரு வெள்ளி போதும் என்று சொல்வது எளிது. காத்திருப்பதற்கும் விலை உண்டு. கிளினிக்கில் அந்த மகள் சொன்னாரே, கட்டணம் ஒரு வெள்ளி, இழந்தது ஒரு நாள் கூலி. சிறுநீரகம் கெட்டவர் தேதிக்குக் காத்திருந்து காத்திருந்து கொடுக்கும் விலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே மாற்றமே வேண்டாம் என்போருடன் நாம் முழுவதும் உடன்பட முடியவில்லை.

நமக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு காப்புறுதியை இங்கே வைத்துப் பார்க்கலாம். சொக்சோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டம். 1971-இல் நடைமுறைக்கு வந்தது. முதலாளி சம்பளத்தில் 1.75 விழுக்காடு போலவும், தொழிலாளி அரை விழுக்காடு போலவும் கட்டுகிறார்கள். வேலையில் கை போனால், உடல் வேலைக்கு ஆகாமல் போனால், சந்தாதாரர் இறந்தால் குடும்பத்துக்கு என்று பணம் வருகிறது. எத்தனையோ விதவைத் தாய்மார்களின் அடுப்பு அதில் எரிந்தது. பொதுப் பெட்டி நம் நாட்டில் நடக்காது என்று சொல்வோருக்குச் சொக்சோவே பதில். ஆனால் அதே சொக்சோ ஒரு பாடமும் சொல்கிறது. முதலாளி பெயரைப் பதியாமல் விட்டால்? குத்தகைக்காரர் கையில் கூலி கொடுத்து, காகிதமே இல்லாமல் வேலை வாங்கினால்? விபத்து நடந்த பிறகு அலுவலகத்துக்குப் போய், உங்கள் பெயரில் சந்தாவே வரவில்லை என்று கேட்டுத் திரும்பிய குடும்பங்கள் நம் தாமான்களில் இருக்கின்றன. பெட்டி நல்ல பெட்டிதான்; பட்டியலில் பெயர் இல்லை.

இன்று தோட்டங்களில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நாம் இருந்த லயங்களில் சிலவற்றில் அவர்களே குடியிருக்கிறார்கள். 2011-இல் அந்நியத் தொழிலாளர்களுக்கு ஆஸ்பத்திரிக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது. ஆண்டுக்கு 120 வெள்ளிச் சந்தா. தொழிற்சாலைக்குக் கட்டாயம், கட்டட வேலைக்குக் கட்டாயம். தோட்டத்துக்கும் வீட்டு வேலைக்கும் மட்டும் முதலாளி விரும்பினால் என்று விட்டார்கள். பெரிய தோட்டத்தில் சொந்தக் கிளினிக் இருக்கும் என்பது உண்மைதான். சின்னத் தோட்டத்தில்? எழுபது ஆண்டுக்கு முன்னர் துண்டாடலின்போது நாம் கேட்ட கேள்வியை இன்று வேறு மொழி பேசுகிறவர்கள் கேட்கிறார்கள்.

பட்டியலில் விழாத இன்னொரு கூட்டம் நம்மிடையே உண்டு. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல், அடையாளக் கார்டு இல்லாமல் வளர்ந்தவர்கள். குடிமகன் என்று காட்டக் காகிதம் இல்லையென்றால் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அந்நியருக்குரிய கட்டணம் கேட்பார்கள். எவ்வளவு நல்ல காப்புறுதி வந்தாலும், அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டுதான் பதிவு செய்வார்கள். காப்புறுதி வருமுன் வீட்டில் யாருக்காவது பத்திரம் இல்லையென்றால், அதை முதலில் பாருங்கள். இதை நாம் உரைக்கு நடுவே ஒரு வேண்டுகோளாகவே சொல்கிறோம்.

2019-இல் இரண்டு திட்டங்கள் வந்தன. ஒன்று பெக்கா பி40. குறைந்த வருமானக் குடும்பங்களில் வயது வந்தோருக்கு இலவச உடல் பரிசோதனை. மற்றொன்று மைசலாம். கடும் நோய் கண்டால் 8,000 வெள்ளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 50 வெள்ளி, ஆண்டுக்குப் பதினான்கு நாள் வரை. இந்த ஐம்பது வெள்ளியைப் பலர் சிறிய தொகை என்று தள்ளினார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை அல்ல, இழந்த கூலியை ஈடு செய்ய வந்த பணம் அது. நாள் கூலிக்காரரின் வலியை அறிந்து யாரோ ஒருவர் அதை எழுதியிருக்க வேண்டும். இரண்டிலும் நம் மக்களில் பலர், தம் பெயர் இருப்பதே தெரியாமல் உரிமையை விட்டுவிட்டார்கள் என்பது வருத்தம்.

2023 ஜூன் 15-ஆம் தேதி நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றது. பதினைந்து ஆண்டுகளில் செய்ய வேண்டிய சீர்திருத்தம் என்று அது சொல்கிறது. பொதுச் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்குப் படிப்படியாக உயர்த்துவதும், தனி சுகாதார நிதி ஒன்றை ஆராய்வதும் அதில் உண்டு. 2025-இல், விருப்பமுள்ளவர்கள் தம் ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து சந்தா கட்டக்கூடிய ஓர் அடிப்படை மருத்துவக் காப்புறுதி முன்வைக்கப்பட்டது. நடுத்தர வருமானக்காரருக்கு இது உதவலாம். ஆனால் தோட்டத்திலும் துப்புரவு வேலையிலும் உழைத்தவரின் சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது? அது முதுமைக்கென்று ஒதுக்கிய சோறு. அதிலிருந்து மருந்துக்கு எடுத்தால், பிறகு சோற்றுக்கு எங்கே போவது? சேமநிதியே இல்லாத நாள் கூலிக்காரருக்கு இந்தக் கதவு திறப்பதேயில்லை.

அடுத்த முறை தொகுதிப் பிரதிநிதியோ தொழிற்சங்கத்தாரோ இதைப் பற்றிப் பேச வந்தால், நாம் கேட்க வேண்டியவற்றை இன்றே எழுதி வைத்துக்கொள்ளலாம். வேலை நின்ற மாதத்தில் என் பெயர் பட்டியலில் இருக்குமா? சந்தா கட்ட முடியாதவருக்கு யார் கட்டுவார்? என் மனைவிக்கும், என்னோடு இருக்கும் என் தாய்க்கும் தனிச் சந்தாவா? முதலாளி என் பெயரைப் பதியாமல் விட்டால் தண்டனை யாருக்கு, வைத்தியம் யாருக்கு? பணம் இல்லை என்று எழுதுகிறவரின் பேனாவுக்கு மேல் முறையீடு எங்கே?

கிளினிக்கில் அந்த மகளின் எண்ணை அழைத்தபோது மணி பத்தரை. மருந்தும் ஒரு நாள் விடுப்புச் சீட்டும் வாங்கி வந்தார். சீட்டைக் காட்டி, "இதைக் கொடுத்தா கூலி கொடுப்பாங்களா?" என்று நம்மிடம் கேட்டார். நிறுவனத்தில் பெயர் பதிந்திருக்கிறார்களா, மாதா மாதம் சம்பளச் சீட்டு தருகிறார்களா என்று கேட்டோம். இல்லை என்றார். தொழிலாளர் இலாகாவில் போய் விசாரிக்கச் சொன்னோம். "அதுக்கும் ஒரு நாள் லீவு போடணுமே" என்று சிரித்துவிட்டு, தாயைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.